பெயரும் ஊரும் எழுதிய சித்திரங்கள்

சித்தபிரசாத் பட்டாச்சார்யா 1915இல் வங்காளத்தின் நைஹாட்டியில் பிறந்தார். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில், சணல் ஆலைகள் நிறைந்த ஊர் அது. தந்தை அரசு ஊழியர். ஓய்வு நேரத்தில் பியானோ வாசிப்பவர். தாய்க்குப் பாட்டும் கவிதையும் கைவந்தவை. பிள்ளையின் இளமை மிதுனாபூரிலும் சிட்டகாங்கிலும் கழிந்தது. இந்த இரண்டு மாவட்டங்களும் பின்னாளில் அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தன. சிட்டகாங் அவரை அரசியலுக்குள் இழுத்தது. மிதுனாபூர் அவரைச் சித்திரக்காரராக ஆக்கியது.

1930 ஏப்ரலில் சூர்யா சென் தலைமையில் இளைஞர்கள் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கியபோது சித்தபிரசாத்துக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை. 1934 ஜனவரியில் சூர்யா சென் தூக்கிலிடப்பட்டார். அந்த ஊரில் வளர்ந்த பையன் எவனும் அரசியல் தெரியாமல் வளர்ந்திருக்க முடியாது. கல்லூரிப் படிப்பு முடியும் தறுவாயில் அவர் கம்யூனிஸ்டுகளின் பக்கம் வந்தார். சாதியைச் சொல்லும் பட்டாச்சார்யா என்ற பின்னொட்டை உதறினார். அதன் பிறகு சாகும்வரை அவர் வெறும் சித்தபிரசாத்.

ஓவியப் பள்ளி எதிலும் அவர் முறையாகப் படிக்கவில்லை. கிராமத்தில் சாமி சிலை செய்கிறவர்கள், பொம்மை செய்கிறவர்கள், கோலம் போடும் பெண்கள், கோவில் சுவரில் சுடுமண் பலகை பதித்தவர்கள் ஆகியோரின் கைவேலையைப் பார்த்துப் பார்த்துக் கை பழகிக்கொண்டார். படிக்காததால் வந்த குறைகள் அவர் படங்களில் உண்டு. உடற்கூறு சில இடங்களில் தடுமாறும். ஆனால் சாந்திநிகேதன் பாணியின் மென்மையும் மங்கலான நீர்வண்ணமும் அவர் கையில் ஒட்டாமல் போனதற்கும் இதுவே காரணம். பஞ்சத்தை வரைய நேர்ந்தபோது அந்த மென்மை இல்லாமல் இருந்தது நல்லதாயிற்று.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. எல்லைக்கு அருகிலிருந்த சிட்டகாங் குண்டுவீச்சுக்கு ஆளானது. ஜப்பானிய எதிர்ப்பைக் கம்யூனிஸ்ட் கட்சி மக்களிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. எழுத்தறியாத கிராமங்களில் துண்டறிக்கை எடுபடாது. சித்தபிரசாத் சுவரொட்டி வரைந்தார், பாட்டும் கட்டினார். கட்சியின் பொதுச் செயலாளர் பி.சி. ஜோஷிக்கு இம்மாதிரி ஆட்களைக் கண்டுபிடிக்கும் கண் இருந்தது. பாடகர், நடிகர், நடனக்காரர், புகைப்படக்காரர் என்று பலரைக் கட்சியின் பண்பாட்டு வேலைக்குள் கொண்டுவந்தவர் அவர். பத்திரிகையாளர் ஆகப் போகிறேன் என்றிருந்த சுனில் ஜானாவைக் கேமராவுடன் ஊர் ஊராக அனுப்பியவரும் அவரே. சித்தபிரசாத்தும் அப்படித்தான் கட்சியின் ‘பீப்பிள்ஸ் வார்’ வார இதழுக்கு வந்து சேர்ந்தார்.

1943 வங்காளப் பஞ்சத்தின் காரணங்களைப் பற்றி இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பர்மா அரிசி வராதது ஒன்று. ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று கரையோர மாவட்டங்களில் அரசு நாட்டுப் படகுகளைப் பறிமுதல் செய்தது இன்னொன்று. படகு இல்லாத கீழ்வங்காளத்தில் மீனும் இல்லை, நெல் நகர வழியும் இல்லை. கல்கத்தாவின் போர்த் தொழிற்சாலைகளுக்காக நெல் வாங்கிக் குவிக்கப்பட்டது. பதுக்கல்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். விளைச்சல் குறைந்ததைவிட, வாங்கித் தின்னும் சக்தியைக் கூலிக்காரர்களும் மீனவர்களும் இழந்ததே பெரிய காரணம் என்று 1981இல் அமர்த்தியா சென் காட்டினார். செத்தவர்களின் தொகை முப்பது லட்சம் வரை இருக்கும் என்பது பரவலான மதிப்பீடு. மிதுனாபூருக்கு இவை அனைத்துக்கும் மேலாக ஒரு புயல். 1942 அக்டோபர் 16 அன்று கடல் உள்ளே புகுந்து நிலத்தையும் மாட்டையும் குடியையும் அடித்துப் போனது. வயலில் உப்பு ஏறியது. வெள்ளையனே வெளியேறு இயக்கம் அங்கே மும்முரமாக இருந்ததால் அரசின் நிவாரணக் கையும் இறுகிக் கிடந்தது.

1943 நவம்பரில் சித்தபிரசாத் மிதுனாபூர் மாவட்டத்துக்குள் நடந்தார். கையில் சில தாள்கள், பேனா, தூரிகை, கறுப்பு மை. சிறுவயதில் வாழ்ந்த மாவட்டம் என்பதால் வழியும் பேச்சும் தெரிந்திருந்தன. கண்டதை வரைந்தார், கேட்டதை எழுதினார். அந்தப் பயணத்தின் பதிவே ‘ஹங்ரி பெங்கால்’, பசித்த வங்காளம். இருபதுக்கு மேற்பட்ட சித்திரங்களும் அவற்றை ஊடறுத்துச் செல்லும் பயண உரையும் கொண்ட சிறு புத்தகம்.

இந்த நூலைச் சித்திரத் தொகுப்பு என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. அது ஒரு நிருபரின் வேலை. எந்த ஊரில் கஞ்சித் தொட்டி இருக்கிறது, எங்கே இல்லை, நிலத்தை யார் யாருக்கு விற்றார்கள், எந்த வீடு காலியானது என்று விசாரித்துக்கொண்டே போகிறார். சித்திரங்களும் அதே விசாரணையின் தொடர்ச்சிதான். அதிகம் பேசப்பட்ட ஒன்றில் செத்துக் கிடக்கும் உடலை மிருகங்கள் தின்றுவிட்டன. பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தக்க காட்சி. ஆனால் சித்தபிரசாத் அதற்கு ‘பஞ்சம்’ என்றோ ‘மரணம்’ என்றோ தலைப்பு வைக்கவில்லை. அந்த மனிதரின் பெயர் க்ஷேத்ரமோகன் நாயக் என்று எழுதுகிறார். அவர் ஒரு விவசாயி, இன்ன ஊர்க்காரர் என்று சேர்க்கிறார். எலும்புக் குவியலாகிவிட்டவருக்கு முகவரி கிடைக்கிறது. மற்றச் சித்திரங்களிலும் இதே பழக்கம்: தேதி, இடம், முடிந்தால் ஆள். அடையாளம் தெரியாத பிணமாகக் கணக்கில் சேர்ந்து மறைந்துபோக வேண்டியவரைக் குடியும் தொழிலும் உள்ள மனிதராக நிறுத்துவதுதான் இந்த நூலின் முறை.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தென்னாட்டுப் பஞ்சத்தோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876-78 பஞ்சத்தை, தாது வருஷப் பஞ்சத்தை, வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி படம் பிடித்தார். பட்டினியாளர்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து, எலும்பு தெரிய ஏற்பாடு செய்து எடுத்த படங்கள் அவை. லண்டன் நகைச்சுவை இதழான ‘பஞ்ச்’கூட அவரைக் கிண்டலடித்தது. படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஊர் என்ற விவரம் அவற்றில் கிடையாது. அதே பஞ்சத்தைப் பற்றித் தமிழில் பாட்டும் கும்மியும் எழுந்தன. சிவகங்கைச் சீமைக்காரரான வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்ச லட்சணத் திருமுக விலாசம்’ 1899இல் அச்சேறியது. மதுரைச் சுந்தரேசுவரரிடம் முறையிடப் போனவர்களை அவர் சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் கொடுத்து அனுப்பிவைப்பதாக அமைந்த நெடும் நையாண்டி அது. சொல்லில் அத்தனை வளம் இருந்தது. அந்தச் சொல்லுக்குத் துணைநிற்கும் சித்திரம் தமிழில் எழவில்லை.

சித்திரமும் அதன் கீழே எழுத்தும் சேர்ந்து கதை சொல்வது இங்கே புதிதும் அன்று. அழகர்கோவில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் காலத்து இராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. காட்சி காட்சியாகப் பிரித்து, நடப்பது இன்னது என்று தமிழில் எழுதி வைத்த வரிசை அது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் புத்தகம் புரட்டியது போலத்தான். அந்த எழுத்து இராமனுக்கும் இராவணனுக்கும் உரியது. சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்கு இறங்கும்போது விற்ற வர்ணிப்புப் பாட்டுப் புத்தகங்களிலும் கதைப்பாடல்களின் பெரிய எழுத்துப் பதிப்புகளிலும் மலிவான தாளில் மரக்கட்டைப் படங்கள் வந்தன. அவற்றில் அல்லி அரசாணி உண்டு, மதுரை வீரன் உண்டு. கஞ்சித் தொட்டிக்கு முன்னால் நின்ற ஆள் அந்தப் படங்களில் இடம்பெறவில்லை. தெய்வத்துக்கும் அரசனுக்கும் இருந்த இந்த உரிமையை மிதுனாபூரில் செத்துக் கிடந்த விவசாயிக்குக் கொடுத்ததில்தான் சித்தபிரசாத்தின் புதுமை இருக்கிறது.

‘ஹங்ரி பெங்கால்’ வெளிவந்ததும் அரசு அதைப் பறிமுதல் செய்தது. 5000 பிரதிகள் எரிக்கப்பட்டன என்பது வரலாறு. சித்திரக்காரரின் குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் பத்திரப்படுத்திய ஒரு பிரதி மிஞ்சியது. பஞ்சத்தைத் தடுக்க முடியாத நிர்வாகத்துக்கு ஒரு புத்தகத்தை ஒழிப்பதில் அவ்வளவு சுறுசுறுப்பு இருந்தது.

அந்த ஆண்டுகளில் பஞ்சத்தை வரைந்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். ஜெய்னுல் ஆபிதீன் கல்கத்தா நடைபாதைகளில் கிடந்தவர்களை மலிவான தாளில் கறுப்பு மையால் வரைந்தார். நாலைந்து இழுப்பில் ஒரு உடலை நிறுத்திவிடும் கை அவருடையது. கோட்டுத்திறன் என்ற அளவில் சித்தபிரசாத்தைவிட அவர் மேல் என்றே சொல்ல வேண்டும். சோம்நாத் ஹோர் சிட்டகாங்குக்காரர். சித்தபிரசாத்தைவிட ஆறு வயது இளையவர். பட்டினி கிடந்தவர்களுக்கு முன்னால் அவரை அழைத்துப்போய் உட்காரவைத்து, நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று பழக்கியவர் சித்தபிரசாத். அந்தப் பாடம் ஹோருக்கு வாழ்நாள் முழுதும் போதுமானதாக இருந்தது. 1946இல் வடவங்காளத்துக் குத்தகை விவசாயிகளின் தேபாகா போராட்டத்தை நாட்குறிப்பும் சித்திரமுமாகப் பதிவு செய்ததும், 1970களில் வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே காயங்களைப் புடைக்கவைத்த அச்சு வரிசையும் அந்த வேரிலிருந்து வந்தவை.

பஞ்சச் சித்திரங்கள் மையும் தூரிகையும். சித்தபிரசாத்தை அச்சுச் சித்திரக்காரராக ஆக்கியது பத்திரிகை. அக்கால எழுத்து அச்சு முறையில் புகைப்படம் போடுவது செலவான வேலை. புள்ளி புள்ளியாகப் பிரித்த ஹாஃப்டோன் பிளாக் வேண்டும். நல்ல வழவழப்பான தாளும் வேண்டும். செய்தித்தாள் காகிதத்தில் அடித்தால் முகம் சாம்பல் பூசியது போலாகும். கோட்டுச் சித்திரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. துத்தநாக லைன் பிளாக் எடுத்தால் எந்தத் தாளிலும் கறுப்பு கறுப்பாகவே விழும். லினோலியத்தில் செதுக்கும் லினோகட் இன்னும் ஒரு படி மேல். பிளாக் எடுக்கும் செலவே இல்லை. சித்திரக்காரர் செதுக்கிய தகட்டை மரக்கட்டையில் ஒட்டி, ஈய எழுத்தின் உயரமான சுமார் 23 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டால், எழுத்தோடு சேர்த்து ஒரே பக்கமாக முடுக்கி டிரெடில் அச்சு எந்திரத்தில் ஓட்டலாம்.

லினோலியம் தரைவிரிப்புக்காக வந்த பொருள். 1860களில் ஃபிரெடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் ஆளிவிதை எண்ணெயை இறுகவைத்து, கார்க் தூளும் பிசினும் கலந்து, சணல் துணிமேல் படியவைத்துச் செய்தார். மரத்தில் இருக்கும் வரியோ முடிச்சோ இதில் இல்லை. உளி எந்தப் பக்கமும் ஓடும். லேசாகச் சூடு காட்டினால் வெண்ணெய் பதத்துக்கு இளகும். தோண்டி எடுத்த இடம் வெள்ளை. விட்டுவைத்த இடம் கறுப்பு. ரோலரில் மை தடவி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தாலும் படம் விழும். எந்திரம் தேவையில்லை. படம் இடம் வலம் மாறி விழும் என்பதால் கையெழுத்தைக்கூடக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிச் செதுக்க வேண்டும். ஒரு இழுப்பு தவறினால் அழித்து எழுத வழியில்லை. இந்தக் கட்டாயம் சித்தபிரசாத்துக்குப் பொருந்தியது. தூரிகையில் சில நேரம் தேவைக்கு மேல் பேசிவிடுகிற அவருடைய கை, உளி பிடித்ததும் அளவாகப் பேசக் கற்றுக்கொண்டது.

கட்டைச் செதுக்கலை அரசியல் கருவியாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வங்காளத்துக்கு வந்த பாதை நீளமானது. அதன் ஒரு முனையில் ரஷ்யர் ஒருவர் இருக்கிறார். விளாதிமிர் ஃபவோர்ஸ்கி 1886இல் மாஸ்கோவில் பிறந்தார். மியூனிக்கில் ஓவியமும் மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறும் படித்தார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தார். புரட்சிக்குப் பிந்தைய மாஸ்கோவின் புகழ்பெற்ற கலைப்பள்ளியான வ்ஹுதெமாஸில் ஆசிரியராகி, 1923 முதல் 1926 வரை அதன் தலைவராகவும் இருந்தார். விவிலியத்தின் ரூத்து நூலுக்கு 1924இல் அவர் செய்த மரச் செதுக்கல்கள் புத்தகச் சித்திரக் கலையில் ஒரு திருப்பம். அட்டை, தலைப்புப் பக்கம், எழுத்து, படம், தாளின் வெள்ளை அனைத்தையும் ஒரே கட்டுமானமாக அவர் கருதினார். படத்தைச் சுற்றிய வெள்ளையும் படத்தின் பகுதிதான் என்று மாணவர்களுக்குக் கற்பித்தார். 1948 வாக்கில் உருவவாதி என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் விழுந்தது. 1962இல் லெனின் பரிசும் கிடைத்தது. பரிசு தேடிவந்தபோது, இரண்டு மகன்களையும் அவர் போரில் இழந்து நெடுநாளாகியிருந்தது. 1964இல் இறந்தார்.

ஃபவோர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் செதுக்கிய படங்களைக் கிழக்கே கொண்டுவந்தவர் சீன எழுத்தாளர் லூ சுன். சோவியத் சித்திரக்காரர்களுக்குப் பணம் தேவைப்படவில்லை. அச்சடிக்க நல்ல சீனத் தாள் வேண்டும் என்றார்கள். லூ சுன் தாள் அனுப்பினார்; அவர்கள் படங்களை அனுப்பினார்கள். 1934இல் ஷாங்காயில் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். அதற்கு முன்பே, 1931 ஆகஸ்டில், இளைஞர்களைக் கூட்டிவைத்துச் செதுக்கல் வகுப்பு நடத்தியிருந்தார். ஜப்பானியரான உச்சியாமா கக்கிச்சி கற்பித்தார். லூ சுன் மொழிபெயர்த்தார். சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஜெர்மானியர் கேத்தே கோல்விட்ஸின் படங்களையும் நூலாக வெளியிட்டார். அந்த வகுப்பிலிருந்து கிளம்பிய இயக்கம் ஜப்பானிய எதிர்ப்புப் போரில் சீனா முழுதும் பரவியது. அதன் படங்கள் 1940களில் கல்கத்தாவின் இடதுசாரிகள் கைக்கு வந்தன. சோம்நாத் ஹோர் சீன மரச் செதுக்கல்களின் தாக்கத்தை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டவர்.

சித்தபிரசாத்தை ஃபவோர்ஸ்கியின் வாரிசு என்று சொல்வது மிகை. ரஷ்யர் கடினமான மரக்கட்டையின் குறுக்குவெட்டில் ஊசி போன்ற உளியால் நூற்றுக்கணக்கான மெல்லிய வெள்ளைக் கோடுகளை இழைப்பவர். வங்காளியின் கோடு தடியானது, கறுப்பு அகலமானது. முன்னவருக்குப் பக்கம் என்பது கட்டடக்கலை. பின்னவருக்கு அது சுவர். இருவரையும் இணைப்பது ஒன்றுதான்: அச்சில் வரப் போகிறது என்பதை முதல் கோட்டிலேயே மனதில் வைத்து வரைந்தவர்கள் அவர்கள். மூலச் சித்திரம் வேறு, அச்சுப் பிரதி வேறு என்ற பேதம் இருவருக்கும் இல்லை. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்கு மலிவு விலையில் வந்த ரஷ்யக் கதைப் புத்தகங்களில், பூ. சோமசுந்தரத்தின் தமிழும் ரா. கிருஷ்ணையாவின் தமிழும் படித்த தலைமுறை அந்த நாட்டுச் சித்திரக்காரர்களின் கைவேலையையும் கூடவே பார்த்து வளர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் பெயர் நினைவில் நின்ற அளவுக்குச் சித்திரக்காரர் பெயர் நிற்கவில்லை.

1940களின் நடுவில் சித்தபிரசாத் பம்பாய்க்குப் போனார். கட்சித் தலைமையகத்தில் கூட்டு வாழ்க்கை. இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டாவுக்கு அவர் வரைந்த முரசறைவோன் சின்னம் இன்றும் வழங்குகிறது. 1946 பிப்ரவரியில் கடற்படை மாலுமிகள் கலகம் செய்தபோது பம்பாய்த் தெருவில் நடந்ததை வரைந்தார். ‘பீப்பிள்ஸ் வார்’ போர் முடிந்ததும் ‘பீப்பிள்ஸ் ஏஜ்’ ஆயிற்று, அதிலும் தொடர்ந்தார். 1948 பிப்ரவரியில் கல்கத்தாவில் நடந்த கட்சியின் இரண்டாம் மாநாட்டில் ஜோஷி ஓரங்கட்டப்பட்டு பி.டி. ரணதிவேயின் கிளர்ச்சிப் பாதை வென்றது. ஜோஷி சேர்த்துவைத்த கலைஞர் கூட்டம் சிதறியது. சித்தபிரசாத்தும் விலகினார். கட்சியைத் திட்டி ஒரு நூல் எழுதிப் பிழைக்கிற வேலையை அவர் செய்யவில்லை. வரைகிற பொருளையும் மாற்றிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிந்தைய முப்பதாண்டு அந்தேரியில் கழிந்தது. மணமாகவில்லை. சிறிய இருப்பிடம். அட்டைப்படம், விளம்பரச் சித்திரம் என்று கிடைத்த வேலையில் வயிற்றைக் கழுவினார். 1953இல் வந்த பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ படத்தின் விளம்பரத்துக்கு லினோகட் செய்து கொடுத்தார். நிலம் பறிபோன விவசாயி கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கும் கதைக்கு அவரைவிடப் பொருத்தமான கை இருந்திருக்காது. உலக சமாதான இயக்கத்துக்கும் ஏராளமாக வரைந்தார். புறாவும் ஏந்திய கைகளுமாக வரும் அந்தப் படங்கள் இன்று அலுக்கின்றன. யாருக்கும் பொதுவாக வரைந்தால் சித்தபிரசாத் சாதாரணச் சித்திரக்காரர் ஆகிவிடுகிறார். ஒரு ஆளைப் பார்த்து வரைந்தால்தான் அவருக்குக் கை ஓடும்.

அதற்குச் சாட்சி, 1950களின் தொடக்கத்தில் அவர் செதுக்கிய குழந்தை உழைப்பாளிகள் வரிசை. பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் பையன்கள், தெருவில் வித்தை காட்டும் பிள்ளைகள், வேலை முடிந்து கிடந்த இடத்தில் தூங்குகிறவர்கள். இதில் அழுகை கிடையாது. முகம் பெரிதாகவும் கண் அகலமாகவும் இருக்கும். உடம்பு வேலையில் வளைந்திருக்கும். பின்னணி பெரும்பாலும் முழுக் கறுப்பு. அந்தக் கறுப்பிலிருந்து வெள்ளைக் கோடுகள் பிள்ளையின் விலாவையும் சட்டைக் கிழிசலையும் பிரித்தெடுக்கும். இரக்கத்தைக் கேட்டு வாங்கும் படங்கள் இவை அல்ல. வேலை தெரிந்தவனை வேலை தெரிந்தவன் பார்க்கிற பார்வை இவற்றில் இருக்கிறது. இந்த வரிசை ‘தேவதைக் கதைகள் இல்லாத தேவதைகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1969இல் யுனிசெப்பின் டென்மார்க் குழுவால் வெளியிடப்பட்டது. பம்பாய்த் தெருப் பிள்ளைகள் புத்தகமாக டென்மார்க் வரை போக வேண்டியிருந்தது.

குழந்தைகளுக்காகவும் அவர் நிறையச் செய்தார். கதை எழுதி அதற்குத் தானே படம் செதுக்கினார். ரசகுல்லா ராஜ்ஜியத்தைப் பற்றிய கதை அவற்றுள் ஒன்று. பஞ்சத்தை வரைந்தவர் இனிப்பாலான ஒரு நாட்டைக் கற்பனை செய்ததில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. இராமாயணத்துக்கும் சித்திரங்கள் செய்தார். இவற்றில் வங்காளத்துப் படச்சுருள்காரர்களின் தாராளமான அலங்காரமும், கோலத்தின் சுழிப்பும், கோவில் சுடுமண் பலகைகளின் நெருக்கமான அடுக்கும் வந்து சேர்கின்றன. உளி இங்கே விளையாடுகிறது. உழவர் தம்பதி, தாயும் பிள்ளையும், அறுவடை ஆகிய பிற்காலத் தனிப்படங்களும் இதே சாயலில் அமைந்தவை. அழகானவைதான், ஆனால் சுவரில் மாட்டுவதற்கு மிக எளிதானவை. அவர் படைப்பில் சந்தை முதலில் அரவணைத்துக்கொண்டதும் இவற்றைத்தான்.

பொம்மலாட்டத்தில் அவருக்கு இருந்த ஈடுபாடு செக் நண்பர் ஒருவர் வழியாக வளர்ந்தது. பொம்மை செய்து, உடை தைத்து, கதை எழுதி, அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கு ஆடிக் காட்டினார். செக் நாட்டோடு இருந்த இந்த உறவால் அவருடைய அச்சுச் சித்திரங்கள் பிராக் நகரத்துக்குப் போய் அங்குள்ள தேசியக் கலைக்கூடத்தில் சேர்ந்தன. 1972இல் பாவெல் ஹோப்ல் என்ற செக் இயக்குநர் அவரைப் பற்றி ‘கன்ஃபெஷன்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். சொந்த நாட்டில் அந்த ஆண்டுகளில் அவர் பெயரைச் சொன்னவர்கள் குறைவு. உடல்நலம் கெட்ட நிலையில் கல்கத்தா திரும்பினார். 1978 நவம்பர் 13 அன்று இறந்தார்.

அவருக்குப் பெரிய அளவிலான பின்னோக்குக் கண்காட்சி கிடைத்தது 2011இல். தில்லி ஆர்ட் காலரி அதை நடத்தி, சஞ்சய் குமார் மல்லிக்கின் ஆய்வைப் பல தொகுதிகளாக வெளியிட்டது. எரிப்புக்குத் தப்பிய அந்த ஒற்றைப் பிரதியிலிருந்து ‘ஹங்ரி பெங்கால்’ நகற்பதிப்பும் அப்போது வந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள், காப்பீடு செய்யப்பட்டு, குளிரூட்டிய கூடத்தில் அந்தச் சித்திரங்கள் தொங்குவதைக் குறைசொல்ல முடியாது. அப்படித் தொங்கியதால்தான் அவை பிழைத்தன. ஆனால் அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மலிவுத் தாளில், எழுத்தின் நடுவில், கையில் பிடித்துப் படிக்கும் தூரத்தில் பார்க்கவென்றே செய்யப்பட்டவை. அந்த இடத்துக்கு அவற்றைத் திரும்பக் கொண்டுவர இன்றும் தகுதியானது சிறுபத்திரிகைதான். பட்டினி, பஞ்சம், புலம்பெயர்வு என்று எந்தக் கட்டுரை வந்தாலும் சித்தபிரசாத்தின் சித்திரம் ஒன்றைத் துணைக்குச் சேர்ப்பது இடதுசாரி இதழ்களில் வழக்கமாகிவிட்டது. சேர்க்கட்டும். படத்தைக் கத்தரித்து, கீழே உள்ள எழுத்தை நீக்கிவிட்டுப் போடுவதைத்தான் நிறுத்த வேண்டும். சித்திரக்காரர் பெயரை அச்சிடும் இதழ்கள், வரையப்பட்டவரின் பெயரையும் ஊரையும் அவர் எழுதிவைத்தபடியே கூடச் சேர்த்து அச்சிட வேண்டும்.